அக்கா பொண்ணு படிப்புக்குன்னு 38,500 ரூபா குடுத்து ஏமாந்துட்டேன், ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இருக்குற வீட்ல படிங்க

நேத்து சாயங்காலம் கும்பகோணத்துலேர்ந்து வெறுங்கையோட திரும்பி வந்தேன். ராத்திரி பூரா தூக்கமே இல்ல, வயிறு எரியுது, அதான் விடியுறதுக்குள்ள உக்காந்து டைப் பண்றேன். இந்த வருஷம் பிள்ளைய எதுல சேக்குறதுன்னு தவிச்சுக்கிட்டு இருக்கவங்களுக்கு ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு.

நாங்க வலங்கைமான் பக்கம். அக்கா பொண்ணு அரசுப் பள்ளிக்கூடத்துல ஆறாவதுலேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சவ. கணக்குல 84, பிசிக்ஸ்ல 78, கெமிஸ்ட்ரில 82, பயாலஜில 88. அத்தான் போயி நாலு வருஷமாச்சு. வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச ஆளு யாரும் கிடையாது, நான் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன், பத்தாவதோட நின்னவன். ரிசல்ட் வந்த அன்னைக்கு அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னுச்சு, தம்பி எனக்கு ஒண்ணும் தெரியாது, நீதான் பாத்து ஒரு நல்ல எடத்துல சேத்து விடணும்னு.

அந்த பயத்துலதான் போனேன். ஒரு கல்வி வழிகாட்டி மையம், மாடியில ஏசி ஆபீஸ், படிக்கட்டு பூரா பட்டம் வாங்குற தொப்பி போட்ட பிள்ளைங்க போட்டோ. பேர் போடல, போட்டா கேஸ் போடுவோம்னு நேத்து மிரட்டினாங்க. தண்ணி குடுத்தாங்க, டீ குடுத்தாங்க, அக்காவ அம்மான்னு கூப்புட்டாங்க. அந்த ஆளு சொன்னாரு, அம்மா வயித்துல இருக்கப்பவே கைரேகை உருவாயிடும், மூளையும் அப்பத்தான் உருவாகுது, அதனால பத்து விரல் ரேகைய ஸ்கேன் பண்ணுனா பிள்ளைக்கு எந்தப் படிப்பு வரும்னு சொல்லிடலாம்னு. அதுக்கு 3,500. எனக்கு அது சயின்ஸ் மாதிரிதான் தெரிஞ்சுது.

பாப்பா விரல மிஷின்ல வச்சா பதியவே மாட்டேங்குது. போன மாசம் பூரா கொல்லையில உளுந்துச் செடி புடுங்குனவ, விரல் நுனியெல்லாம் காச்சுப்போயி கறுத்துக் கிடக்கு. அங்க இருந்த பொண்ணு ஈரத்துணிய குடுத்து நல்லா தேய்ம்மா நல்லா தேய்ம்மான்னு அதட்டுது, இவ கூனிக்குறுகி நின்னு தேய்க்கிறா. அக்கா எடுத்துக் குடுத்த காசும் அந்த உளுந்து வித்த காசுதான்.

பாப்பா வாயத் திறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா, சார் எனக்கு பிஎஸ்சி அக்ரி படிக்கணும்னு ஆசைன்னு. அந்த ஆளு அவளப் பாக்கவே இல்ல, என்னையப் பாத்து சொன்னாரு, மறுபடியும் சேத்துல கால் வைக்கவா சார் படிக்க வைக்கிறீங்கன்னு. அங்கதான் நான் விழுந்தேன். நாமதான் இப்படி ஆயிட்டோம், இவளாவது ஏசில உக்காரட்டும்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் 38,500 ரூபா.

ரேகை ரிப்போர்ட்டுல ஐடி வந்துருக்கு, கவுன்சிலிங்ல போனா 164 கட்ஆஃபுக்கு ஒண்ணும் கெடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டால இப்பவே சீட் புடிச்சாத்தான் உண்டுன்னு சொல்லிட்டாங்க. வழிகாட்டல் பேக்கேஜ் 10,000, சீட் பிளாக் பண்ண 25,000. அக்கா 13,500 குடுத்துச்சு, மீதி 25,000 என் வீட்டுக்காரி செயின கூட்டுறவு சங்கத்துல அடகு வச்சு நான் ஜிபே பண்ணேன். பத்தாவது மார்க் ஷீட்டும் டிசியும் ஒரிஜினலே வாங்கிக்கிட்டாங்க. காலேஜே ஒரிஜினல புடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லியிருக்காம், அப்ப எனக்கு அது தெரியல. இவங்க யாரு அதைக் கேட்க?

அதுக்கப்புறம் மூணு வாரம். சார் மீட்டிங்ல இருக்காரு. சார் சென்னை போயிருக்காரு. சர்வர் டவுன். வெள்ளிக்கிழமை வாங்க. வெள்ளிக்கிழமை பட்டறைய மூடிட்டு போனா, திங்கக்கிழமை வாங்க. வாட்ஸ்அப்ல படிச்சது தெரியுது, பதில் கிடையாது. கடைசியில நானே அவங்க சொன்ன காலேஜ் நம்பரக் கண்டுபுடிச்சுப் பேசுனேன், அந்தப் பேர்ல எங்களுக்கு ஒரு ரூபா கூட வரலைங்கன்னு சொன்னாங்க. நின்ன எடத்துலயே கை நடுங்கிருச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் பாப்பா அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு வந்தா. 42 பக்கம், கலர் பைண்டிங். மாமா இங்க பாருங்கன்னு 17ஆம் பக்கத்தக் காட்டுனா. வேற யாரோ ஒரு பையன் பேரு இருக்கு. அவன் ரிப்போர்ட்ல பேர மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்துருக்கானுங்க, அந்த ஒரு பக்கத்துல மாத்த விட்டுட்டானுங்க. பிள்ளை விரல அவ்ளோ நேரம் தேய்க்க வச்சீங்களேடா.

மறுநாள் அவ பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர்கிட்ட போனோம். டீச்சர் தலையில கை வச்சுட்டாங்க. தம்பி, கைரேகை கருவுலயே உருவாகுறது நெஜம், ஆனா அதை வச்சு படிப்பு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் கெடையாதுன்னாங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டுனாங்க, கணக்கு 84 அப்படியே, பிசிக்ஸ்ல பாதி 39, கெமிஸ்ட்ரில பாதி 41, மொத்தம் 200க்கு 164. இது அரசுப் பள்ளிப் பிள்ளை, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, அதுல கவுன்சிலிங் வழியா என்ஜினியரிங் சீட் கெடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டுது, மேனேஜ்மென்ட் கோட்டால போனா அது பூரா போச்சு, முதல் பட்டதாரி சலுகையும் போச்சு. அக்ரிக்கும் அதே 7.5 இருக்கு, அதுக்கு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு தனியா அப்ளை பண்ணணும். ஈச்சங்கோட்டையிலயே அரசு வேளாண் காலேஜ் இருக்குய்யா, தஞ்சாவூர் ஜில்லாவுலன்னாங்க. அவளோட ஆசைய அந்த ஆபீஸ்ல ஒருத்தரும் காதுல வாங்கல, இவங்க ஒரு காசு வாங்காம அரை மணி நேரம் உக்காந்து சொன்னாங்க. நான் மொதல்ல இங்க வந்துருக்கணும், வராம போயிட்டேன்.

என்ஜினியரிங் பதிவுக்கு அப்ப ரெண்டு நாள்தான் பாக்கி. ஒரிஜினல் வாங்கப் போனா ஃபைல் க்ளோஸிங் சார்ஜ் 2,000 கேட்டாங்க. அங்கயே சத்தம் போட்டேன், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னதும் சர்டிபிகேட்ட மேசையில தூக்கிப் போட்டாங்க. கவுன்சிலிங் உதவி மையத்துக்குக் கூட்டிட்டுப் போயி பதிவு பண்ணியாச்சு, அக்ரிக்கும் போட்டாச்சு. பணத்துக்குத்தான் நேத்து மறுபடி போனேன். ரசீது பின்னாடி படிங்க சார், எந்தக் கட்டணமும் திருப்பித் தரப்படாதுன்னு இருக்குன்னு சொல்றாங்க, பொடி எழுத்துல இங்கிலீஷ்ல. முன்னாடி பக்கத்துல கன்சல்டேஷன் சார்ஜஸ் 38,500ன்னு மட்டும் இருக்கு, சீட் அட்வான்ஸ்னு ஒரு எழுத்து கெடையாது. 38,500 ரூபாங்க, எத்தன கிரில் கேட் வெல்ட் பண்ணணும் அதுக்கு.

நெறைய சொல்லணும்னுதான் ஆரம்பிச்சேன், மனசு ஓடல. இத மட்டும் கேளுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட யாருகிட்டயும் விட்டுட்டு வராதீங்க, ஜெராக்ஸ் போதும். கவுன்சிலிங் லாகின், பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் அடுத்தவங்க கையில குடுக்காதீங்க. என்ஜினியரிங் பதிவுக்கு 500 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 250, அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் 50 ரூபாதான், அதுக்கு மேல யாராவது கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. அட்வான்ஸ் கட்டச் சொன்னா அந்தக் காலேஜுக்கே போன் போட்டுக் கேளுங்க. சந்தேகத்துக்கு 14417 இருக்கு, பள்ளிக்கல்வித்துறை நம்பர், காசு கெடையாது. ஜிபேல போன பணம்னா அன்னைக்கே சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு அடிங்க, நான் மூணு வாரம் கழிச்சுத்தான் அடிச்சேன். கைரேகை டெஸ்ட்டுன்னு சொன்னா உள்ளயே போகாதீங்க.

இன்னைக்கு பத்து மணிக்கு ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அந்த 17ஆம் பக்கம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன், டீச்சரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நுகர்வோர் கோர்ட்டுல இந்த மாதிரி கேஸ் நடத்துன வக்கீல் கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.