அம்மா பென்ஷனில் பிடித்த 497 ரூபாய்

2025 ஆகஸ்டில் மூன்று வாரம் லீவு போட்டு சிங்கப்பூரிலிருந்து திருநெல்வேலி போனது அம்மாவின் கண்ணுக்காகத்தான். கண்புரை முற்றிவிட்டது. "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துட்டா ஒரு பைசா செலவில்ல" என்று சித்தப்பா சொல்ல, ஆதார், ரேஷன் கார்டு சகிதம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம்.

காப்பீட்டு மையத்தில் இருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி: "அம்மாவுக்கு பென்ஷன் வருதா சார்?" வருகிறது. அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். அவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியம் மாதம் பதினாலாயிரம் சொச்சம். அந்த அட்டைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாதாம். சரி, போச்சு என்று எழுந்தேன்.

"இருங்க சார், உங்களுக்குத்தான் தனித் திட்டமே இருக்கே!"

அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீடு, 2022 ஜூலையில் தொடங்கியது. குடும்ப ஓய்வூதியரும் அதில் உண்டு. திட்டம் ஓடும் நான்கு வருஷத்துக்கும் சேர்த்து சிகிச்சைச் செலவு 5 லட்சம் வரை, குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை. அப்போது சந்தா மாதம் 497 ரூபாய், பென்ஷனிலேயே பிடித்துவிட்டார்கள். பாஸ்புக்கில் பிடித்தம் போன மிச்சம்தானே விழும்? மூன்று வருஷமாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்த ஆயுஷ்மான் வய வந்தனா என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பற்றியும் விசாரித்தேன். வயதுக்கு ஆதார்தான் கணக்கு. அம்மாவுக்கு நிஜத்தில் 72, ஆதாரில் 68. யாரோ எந்தக் காலத்திலோ குத்துமதிப்பாகச் சொன்ன பிறந்த தேதி.

அப்புறம் ஆஸ்பத்திரி. முதலில் போன இடத்தில் எல்லா டெஸ்டும் எடுத்து, பணமும் வாங்கிக்கொண்டு, "இந்தக் கார்டு இங்க எடுக்க மாட்டோம்" என்றார்கள். தப்பு என்னுடையதும்தான், திட்டத்தின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அடுத்த இடத்தில் நேராகக் காப்பீட்டு கவுண்டருக்குப் போனேன். காகிதங்களை அனுப்பி, மறுநாள் ஒப்புதல் வாங்கித் தந்தார்கள். அங்கே ஆபரேஷனுக்கு முன்னே பார்த்த டாக்டர் ஃபீஸ் மட்டும் எங்கள் கைக்காசு.

இத்தனை நாளும் அந்த ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை எங்கே இருந்தது தெரியுமா? பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள். "ஏதோ பேங்க் கார்டுன்னு நினைச்சு வச்சிட்டேன்டா" என்றார் அம்மா.