பெயர் சொல்லாமல் தரப்படும் வலி மாத்திரை: வயதான நாய் வளர்ப்போர் கவனத்திற்கு

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு 12 வயது, எடை 30 கிலோ. சென்ற மார்கழியில் பின்னங்கால்களை ஊன்றி எழவே முடியாமல் அது தவித்ததால், அருகிலுள்ள செல்லப்பிராணிக் கடையில் தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். ஓர் ஊசி போட்டு, அட்டையிலிருந்து வெட்டிய பத்து மாத்திரைகளைக் காகித உறையில் கொடுத்து, 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். மருந்துச் சீட்டு கேட்டதற்கு, "மூட்டு வலி மாத்திரைதான், பெயர் உங்களுக்கு எதற்கு?" என்றார்.

இரண்டு நாட்கள் நாய் வாசல்வரை துள்ளி நடந்தது. அவரைக் கைராசிக்காரர் என்று நாங்களே நாலு பேரிடம் புகழ்ந்தோம். ஐந்தாம் நாள் தயிர்ச்சோற்றைக்கூட முகராமல் வாந்தி எடுத்தது. மலம் தார்போல் கறுத்துப் போயிற்று. உடனே சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம்.

வெட்டுப்பட்ட அட்டையில் எஞ்சியிருந்த எழுத்துகளைக் கொண்டு, அது மனிதர்களுக்கான அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால் கூட்டு மாத்திரை என்று அங்கிருந்த மருத்துவர் கண்டுபிடித்தார். ஊசியைப் பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, "ஸ்டீராய்டுதான் சார், வீக்கத்துக்கு" என்று ஊசி போட்ட அந்தக் கடைக்காரர் சர்வசாதாரணமாகச் சொன்னார். இவ்வகை வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் தனித்தனியாகவே இரைப்பையின் உட்படலத்தைக் காக்கும் சுரப்புகளைக் குறைக்கக்கூடியவை. இரண்டும் சேரும்போது குடற்புண்ணும் இரத்தக்கசிவும், சில வேளைகளில் குடலில் ஓட்டையும் ஏற்படலாம். கறுத்த மலம் செரித்த இரத்தமே.

அசெக்ளோஃபெனாக் உடலுக்குள் டைக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தாக மாறுகிறது. டைக்ளோஃபெனாக் ஏறிய கால்நடைகளின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததால், விலங்குகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதை இந்தியா 2006இலும், அசெக்ளோஃபெனாக் தருவதை 2023இலும் தடைசெய்தது. கழுகுகளுக்காக வந்த தடைதான் என்றாலும், அதை அந்தக் கடைக்காரர் மதித்திருந்தால் எங்கள் நாய்க்கும் இந்த நிலை வந்திருக்காது.

நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பின் நாய் தேறியது. நாய்களுக்கென்று மெலாக்சிகம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் சிறுநீரகம், கல்லீரல் நிலையை இரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே, எடைக்கேற்ற அளவில், உணவோடு தர வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். ஸ்டீராய்டு உடலை விட்டு நீங்கிப் புண் ஆறும்வரை எங்கள் நாய்க்கு அவற்றையும் தர இயலவில்லை. வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரித்தும், எடையைக் குறைத்தும், நரம்பு வலியைத் தணிக்கும் கபாபென்டின் மாத்திரை கொடுத்தும் சமாளித்தோம். மனிதர்களுக்கான கபாபென்டின் சிரப்பில் நாய்களுக்கு நஞ்சாகும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக்கூடும் என்பதால் அதை வாங்கக் கூடாதென்று மருத்துவர் தனியாக எச்சரித்தார்.

கால்நடை மருத்துவர் எவருக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேட்டவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மாத்திரை அட்டைத் துண்டையும் பணம் செலுத்திய விவரத்தையும் இணைத்து, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.