சதைக்குத் தீ, கவசத்துக்கு அமிலம், எல்லாவற்றுக்கும் ஸ்லாக்: பார்டர்லேண்ட்ஸ் 2 குறித்து

கியர்பாக்ஸ் உருவாக்கி 2கே வெளியிட்ட பார்டர்லேண்ட்ஸ் 2 என்ற வீடியோ கேம் விற்பனைக்கு வந்தது 2012 செப்டம்பரில். வீழ்த்திய எதிரியிடமிருந்தும் திறந்த பெட்டியிலிருந்தும் துப்பாக்கிகள் கொட்டிக்கொண்டே இருக்கும் லூட்டர் ஷூட்டர் வகையில் அதற்குப் பிறகு எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் எந்த எதிரிக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாக முன்வைத்த இன்னொன்றை நான் ஆடியதில்லை. அந்தக் கேள்வியைத் தன் கடைசிக் கட்டத்தில் இவ்வளவு வீணாக்கிக்கொண்ட இன்னொன்றையும் ஆடியதில்லை. இதன் கதையையும் கேலிப் பேச்சையும் பற்றி வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டதால், இங்கே எலிமென்ட் முறையை, அதாவது தோட்டாக்கள் தீ, அமிலம், மின்சாரம் என்று வகை பிரிந்து எதிரிக்கு எதிரி வேறு சேதம் தரும் ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படை விதி எளிது. எதிரியின் தலைக்கு மேல் தெரியும் பட்டை சிவப்பாக இருந்தால் சதை, மஞ்சளாக இருந்தால் கவசம், கூடவே நீலப் பட்டையும் இருந்தால் ஷீல்டு. சதைக்குத் தீ, கவசத்துக்கு அமிலம், ஷீல்டுக்கு மின்சாரம். இதே கதையை மேலும் கடினமான எதிரிகளோடு அடுத்தடுத்த சுற்றுகளாக மறுபடி ஆடலாம்; முதல் சுற்றில் தீத் தோட்டா சதையில் 150 விழுக்காடு சேதம் விளைவிக்கும். அதே தோட்டா கவசத்திலோ ஷீல்டிலோ பட்டால் 75 விழுக்காடுதான். அமிலம் கவசத்தில் 150, ஷீல்டில் 75. மின்சாரம் ஷீல்டில் 200; சதையிலும் கவசத்திலும்கூடக் குறையாமல் முழு 100 கிடைப்பதால், வந்திருப்பது யார் என்று நிதானிக்க நேரமில்லாதபோது கை தானாக அதைத்தான் தேடும். எலிமென்ட் எதுவும் இல்லாத சாதாரணத் தோட்டா கவசத்தில் மட்டும் 80ஆகக் குறையும். அடிபட்டவுடன் பறக்கும் எண்கள் தீக்கு ஆரஞ்சு, மின்சாரத்துக்கு நீலம், அமிலத்துக்குப் பச்சை என்று நிறம் மாறுவதால், பாடம் கண்வழியாகவே பதிந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தை அட்டவணையாகக் கொடுக்காமல் ஒரு நகைச்சுவைக் காட்சியாகவே ஆக்கியிருப்பது இந்த விளையாட்டின் தனி அழகு. சாங்க்சுவரி நகரில் ஆயுதக் கடை வைத்திருக்கும் மார்க்கஸ், 'ராக், பேப்பர், ஜெனோசைட்' என்ற தலைப்பில் நான்கு சிறு பணிகளை அடுத்தடுத்துக் கொடுப்பான். ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கியைக் கையில் திணித்து, தன் சுடுபயிற்சிக் கூடத்தில் அதற்குப் பொருத்தமான இலக்கை நிறுத்துவான். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பணிகளை அவசரத்தில் தவிர்த்துவிட்டுப் போனவர்கள்தான் பிறகு ரோபோவைத் தீயால் சுட்டுக்கொண்டு, தோட்டா தீர்கிறதே என்று அங்கலாய்ப்பார்கள்.

விதி எளிதாக இருந்தால் போதாது. அதை அவ்வப்போது மீறவும் வேண்டும். பார்டர்லேண்ட்ஸ் 2 இதில் தேர்ந்தது. ஓடி வந்து கோடரியால் வெட்டும் சைக்கோக்கள் வெறும் சதை. தீ பட்டால் எரிந்துகொண்டே விழுவார்கள். ஆனால் ஃப்ராஸ்ட்பர்ன் கேன்யனில் நெருப்பை வணங்கும் கூட்டத்தில், உடலெல்லாம் எரிந்தபடியே ஓடிவரும் சைக்கோக்களிடம் அந்தத் தீ எடுபடாது. பனி மூடிய பள்ளத்தாக்கு என்ற பெயரை நம்பி இரண்டு தீத் துப்பாக்கிகளுடன் அங்கே இறங்கிய என் புத்திசாலித்தனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஸ்காக் என்னும் நாய் போன்ற விலங்குகளிலும் தீ, மின்சாரம், அமிலம் என்று தனித்தனி இனங்கள் உண்டு. தன் எலிமென்டுக்கு அந்தந்த இனம் அசையாது. ஹைபீரியன் நிறுவனத்தின் லோடர் ரோபோக்களுக்கு அமிலமே மருந்து என்றாலும், கையில் அமிலம் இல்லாதவர்கள் அவற்றின் மூட்டுகளைக் குறிபார்த்துச் சுட்டுக் கை கால்களைக் கழற்றலாம். பொருத்தம் தவறினாலும் குறி தப்பாதவருக்கு வழி விட்டிருக்கிறார்கள்.

ரயில் பாதையின் முடிவில் வரும் வில்ஹெல்ம் என்ற பெரிய எதிரியுடனான சண்டைதான் இந்த முறை முழுமையாக வெளிப்படும் இடம். முதலில் வில்ஹெல்மின் ஷீல்டை மின்சாரத்தால் உரிக்க வேண்டும். உள்ளே கவசம் தெரிந்ததும் அமிலத்துக்கு மாற வேண்டும். அதற்குள் அவனைப் பழுதுபார்க்கப் பறந்து வரும் சர்வேயர் ரோபோக்களையும் கவனிக்க வேண்டும். ஆப்பர்ச்சுனிட்டி நகரில் இதே சிக்கல் ஒரு கூட்டமாக வரும். ஹைபீரியன் ஆட்களும் லோடர்களும் கலந்து நிற்பதால், யாரை முதலில் வீழ்த்துவது என்பதும் எந்தத் துப்பாக்கியை எடுப்பது என்பதும் ஒரே முடிவாகிவிடுகின்றன. துப்பாக்கி மாற்றும் அந்த அரை நொடியில் சிந்தனையும் கையும் ஒன்றாக ஓடுவதே இந்த விளையாட்டின் உண்மையான இன்பம்.

துப்பாக்கித் தயாரிப்பாளர்களும் இதே கணக்கில் பிரிந்திருக்கிறார்கள். மாலிவான் துப்பாக்கி என்றாலே ஏதாவது ஓர் எலிமென்ட் இருக்கும். டோர்க் எல்லாம் வெடிப்பு. ஜேக்கப்ஸ் எலிமென்ட் பக்கம் தலைவைக்காமல் வலுவான தோட்டாவை மட்டும் நம்பும். கையில் வைத்துக்கொள்ள இடம் நான்கே துப்பாக்கிகளுக்கு. அதிலும் இரண்டு இடங்கள் கதை நகர்ந்த பிறகுதான் திறக்கும்.

தீ, அமிலம், மின்சாரம் மூன்றுக்கும் மூன்று இடம் போனால் மிஞ்சும் இந்த நான்காவது இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்த விளையாட்டின் உலகில் கிடைக்கும் ஈரிடியம் என்ற கனிமத்தைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் ஊதா நிறக் கழிவுதான் ஸ்லாக். அதற்கெனப் பெரிய சேதம் கிடையாது. ஆனால் ஸ்லாக் படிந்த எதிரி அடுத்து வரும் மற்ற வகைத் தாக்குதல்களில் இரு மடங்கு சேதம் வாங்குவான். முதல் இரண்டு சுற்றுகளில் இது விரும்புபவருக்கான நுணுக்கம். 2013 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட அல்டிமேட் வால்ட் ஹண்டர் மோடு என்ற மூன்றாவது சுற்றில், ஆட்டக்காரரின் உச்ச நிலை 50இலிருந்து 61ஆக உயர்ந்ததோடு, எதிரிகளின் உயிர் பல மடங்கு கூடியது, விட்டால் தானாக வளரவும் செய்தது. அதற்கு ஈடாக ஸ்லாக்கின் பெருக்கம் மூன்று மடங்கானது.

கணக்கைப் பாருங்கள். அந்த மோடில் சதைக்குச் சரியான தீ 175 விழுக்காடு தரும். ஸ்லாக் பூசிய அதே எதிரியை எலிமென்ட் இல்லாத துப்பாக்கியால் சுட்டால் 300. எதிரியைப் படித்துச் சரியாகத் தேர்ந்தவரைவிட, எல்லாரையும் ஊதாவாக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுடுபவர் முன்னே போகிறார். ஷீல்டில் வெறும் 40 தரும் தீகூட ஸ்லாக்குக்குப் பின் 120 தருகிறது. இரண்டையும் சேர்த்தால் 525 என்பது உண்மைதான், பொருத்தம் அழிந்துவிடவில்லை. ஆனால் ஸ்லாக் துப்பாக்கியை எடு, பூசு, மாற்று, சுடு, மங்கியதும் மறுபடி பூசு என்ற ஒரே சடங்கு ஒவ்வொரு சைக்கோவுக்கும் ஒவ்வொரு லோடருக்கும் திரும்பத் திரும்ப நடக்கும்போது, முதல் இரண்டு சுற்றுகளில் கற்ற நிறங்களின் மொழி பேச்சிழந்துபோகிறது. விளையாட்டு கேட்ட கேள்விக்கு எப்போதும் ஒரே விடை என்றால் கேள்வி எதற்கு?

தப்பிக்க வழிகள் உண்டு. ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய பாத்திரங்களில் ஒருத்தியான மாயாவின் ரூயின் திறன், எதிரியை அந்தரத்தில் பூட்டிவைக்கும் அவளுடைய ஃபேஸ்லாக்கில் சிக்கியவரைச் சுற்றியுள்ளோர் மீது தானே ஸ்லாக்கைப் பூசிவிடும். இரு கைகளிலும் சுடும் இன்னொரு பாத்திரமான சால்வடோர் ஒரு கையை அதற்கே ஒதுக்கலாம். மற்றவர்கள் ஸ்லாக் வெடிகுண்டு வைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கி இடத்தையாவது மீட்கலாம். 2014இல் வந்த தி ப்ரீ-சீக்வல் ஸ்லாக்கை நீக்கிவிட்டு உறையவைக்கும் கிரையோவைக் கொண்டுவந்தது. 2019இல் வந்த மூன்றாம் பாகமும் ஸ்லாக்கைத் திரும்பக் கூப்பிடாமல் ரேடியேஷனைச் சேர்த்துக்கொண்டது. உருவாக்கியவர்களுக்கும் இந்த ஊதா நிறம் அலுத்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

முதல் இரண்டு சுற்றுகளைத் தனியாகவே ஆடுங்கள். தீ, அமிலம், மின்சாரம் மூன்றுக்கும் தலா ஒரு துப்பாக்கி, நான்காவதில் மனத்துக்குப் பிடித்த ஒரு ஜேக்கப்ஸ். மூன்றாவது சுற்றுக்குள் போவதானால் நண்பர்கள் மூவரோடு போங்கள். ஒருவர் பூசிய ஸ்லாக் எல்லாருடைய தோட்டாவுக்கும் பயன்படும் என்பதால், மற்ற மூவரும் பழையபடி பட்டையின் நிறத்தைப் பார்த்துச் சுடலாம். யார் அந்த ஒருவர் என்பதை மட்டும் உள்ளே நுழையும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.