எழுதிக் கொடுப்பதா, அங்கேயே சொல்வதா?

சிகிச்சையில் ஏதோ தப்பாகப் போகிறது என்று ஒரு செவிலியருக்குத் தோன்றினால், அதை வெளியே சொல்ல முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பெயர் வெளியே தெரியாமல் அறிக்கை கொடுப்பது. விமானத் துறைக்காக 1976 முதல் நாசா நடத்திவரும் ரகசிய அறிக்கை முறையும் இதே வகைதான். பயமில்லாமல் எழுதலாம். இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே மாதிரி இருப்பதாக நாலு வார்டுகளிலிருந்து எழுதிவந்தால், அவற்றைத் தனித்தனி அலமாரியில் வைத்துவிடலாம். ஆனால் இது அடுத்து வரும் நோயாளிக்குத்தான் உதவும். பதிலே வராவிட்டால் எழுதுவதும் நின்றுபோகும்.

இரண்டாவது, இதற்கென்றே இருக்கும் அலுவலரிடம் முறையிடுவது. 2015இல் வந்த ஓர் ஆய்வறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் இப்படி ஆட்களை நியமித்தார்கள். ஆள் பற்றாக்குறை, மேலதிகாரியின் மிரட்டல் போன்ற நாள்பட்ட பிரச்சினைகளுக்கு இது ஏற்ற வழி. அவசரத்துக்கு உதவாது.

மூன்றாவது, அந்த இடத்திலேயே சொல்வது. 2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண்ணுக்குச் சிறிய அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது மூச்சுப்பாதை அடைபட்டது. ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். மருத்துவர்கள் குழாயைச் செருகும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள், அது அவர்கள் காதில் ஏறவில்லை. சில நாட்களில் எலைன் இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அறையில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அதனால் என் ஓட்டு மூன்றாவதற்கே. ஆனால் "தைரியமாகப் பேசுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது. "எனக்குக் கவலையாக இருக்கிறது", "இது சரியாகப் படவில்லை", "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள்" என்று படிப்படியாக அழுத்தம் கூட்டும் வாக்கியங்களை முன்கூட்டியே பழக்க வேண்டும். இந்த மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும் யாராக இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை, ஆபத்தென்று பட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை 2002 முதலே எல்லா ஊழியர்களுக்கும் கொடுத்திருக்கிறது.

இந்தப் பயிற்சிக்குச் செவிலியர்களை மட்டும் அனுப்புவது பாதி வேலை. மூத்த அறுவை சிகிச்சை நிபுணர்களும் கூடவே உட்கார வேண்டும். எச்சரிக்கை பொய்யாகப் போனாலும், சொன்னவருக்கு எல்லார் முன்னாலும் அவர்கள் நன்றி சொல்லிப் பழக வேண்டும்.