அங்கிள் டாம்ஸ் கேபின்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எப்படிப் படிக்கலாம்

அமெரிக்க அடிமைமுறையைப் பற்றி ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலைப் படித்திருப்பதாகச் சொல்பவர்களில் பலர் படித்தது பள்ளிப் பருவத்தில் கைக்குக் கிடைத்த சுருக்கப் பதிப்பைத்தான். பனிப்பாளங்கள் மிதக்கும் ஒஹாயோ ஆற்றைப் பிள்ளையோடு தாண்டித் தப்பும் அடிமைப் பெண் எலைசா, நோயில் வாடி இறக்கும் சிறுமி ஈவா, அடிபட்டுச் சாகும் அடிமை டாம். இந்த மூன்றும் இருந்தால் போதும் என்று சுருக்குபவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். கண்ணீர் வர அது போதும்தான். ஆனால் இந்த நாவல் ஒரு நாட்டின் மனசாட்சியைக் குடைந்தது எதனால் என்பது அதில் கிடைக்காது. ஆகவே வாங்குவதானால் 45 அத்தியாயங்களும் உள்ள முழுப் பதிப்பையே வாங்குங்கள். கடையில் புரட்டும்போது 12ஆம், 28ஆம் அத்தியாயங்கள் வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

12ஆம் அத்தியாயம் ஒஹாயோ ஆற்றில் போகும் நீராவிப் படகில் நடக்கிறது. ஹேலி என்ற அடிமை வியாபாரி லூசி என்ற பெண்ணை அவளுடைய பத்து மாதக் கைக்குழந்தையோடு தெற்கே கொண்டுபோகிறான். படகில் வந்த இன்னொருவன் குழந்தையை விலை கேட்கிறான். பேரம் 45 டாலருக்குப் படிகிறது. லூயிவில் துறையில் படகு நிற்கும்போது, கணவன் கண்ணில் படமாட்டானா என்று பார்க்க, தூங்கும் பிள்ளையைப் பெட்டிகளுக்கு நடுவே துணி விரித்துக் கிடத்திவிட்டு அவள் ஓரத்துக்குப் போகிறாள். திரும்பி வரும்போது பிள்ளை இல்லை. அன்றிரவு அவள் ஆற்றில் குதித்துவிடுகிறாள். காலையில் ஹேலி தன் கணக்குப் புத்தகத்தை எடுத்து அவளை நஷ்டப் பத்தியில் எழுதிக்கொள்கிறான். அங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. அத்தியாயத்தின் தலைப்பே அதைச் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம் என்கிறது. கொடியவன் ஒருவனைக் காட்டி வாசகரைச் சமாதானப்படுத்தாமல், கணக்கு எழுதும் சாதாரண வியாபாரியைக் காட்டுகிறார் ஸ்டோவ். நாவலின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

28ஆம் அத்தியாயம் இன்னும் கூர்மையானது. நியூ ஆர்லியன்ஸில் டாமின் எஜமானரான செயின்ட் கிளேர் நல்லவர், அடிமைமுறையை வெறுப்பவர், எதையும் நாளைக்குத் தள்ளிப் போடுபவர். அவருடைய உறவினரான மிஸ் ஒஃபீலியா, டாப்ஸி என்ற சிறுமியைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்கிறாள், பிற்பாடு விடுதலை செய்வதற்காக. அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்க்கிறார். அவள் விடுவதாயில்லை. அங்கேயே எழுத வைத்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறாள். டாமின் விடுதலைப் பத்திரமும் தொடங்கப்பட்டிருக்கிறது, ஆனால் முடியவில்லை. அன்று மாலையே ஒரு காஃபி கடையில் இருவரின் சண்டையை விலக்கப் போன செயின்ட் கிளேர் கத்திக் குத்துப்பட்டு இறக்கிறார். டாப்ஸி பிழைத்தாள். டாமை செயின்ட் கிளேரின் மனைவி ஏலத்துக்கு அனுப்புகிறாள். இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது கையெழுத்தான ஒரு தாள் மட்டுமே. நல்ல எஜமானர்களும் இருந்தார்களே என்று இன்றும் வாதாடுபவர்களுக்கு இந்த ஒரு அத்தியாயம் போதும்.

பின்னணி தெரிந்து படித்தால் இன்னும் பிடிபடும். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க, அடிமைமுறை இல்லாத வடமாநிலத்தவரையும் கட்டாயப்படுத்திய சட்டம் 1850இல் வந்தது. ஸ்டோவ் அதற்குப் பதிலடியாகவே இந்த நாவலை எழுதினார். 1851 ஜூன் முதல் 1852 ஏப்ரல் வரை ‘நேஷனல் இரா’ வார இதழில் தொடராக வந்தது. 1852 மார்ச்சில் பாஸ்டனில் இரண்டு பாகங்களாக நூலாகி, அமெரிக்காவில் முதல் ஆண்டிலேயே சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்றது. ஸ்டோவின் கைக்குழந்தை ஒன்று 1849இல் சின்சினாட்டியில் காலராவுக்குப் பலியாகியிருந்தது. 9ஆம் அத்தியாயத்தில் செனட்டரின் மனைவி, இறந்துபோன தன் பிள்ளையின் உடைகளை அலமாரியிலிருந்து எடுத்து எலைசாவின் மகனுக்குக் கொடுக்கும் இடத்தை இதை மனதில் வைத்துப் படியுங்கள். அந்தச் செனட்டர் அப்படியொரு சட்டத்துக்கு வாக்களித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார்.

நாவலின் தாக்கத்துக்குச் சான்றாக, உள்நாட்டுப் போரைத் தொடங்கி வைத்த பெண்மணி நீங்கள்தானா என்று லிங்கன் ஸ்டோவிடம் கேட்டதாக ஒரு கதையைச் சொல்வார்கள். அன்றைய ஆவணம் எதிலும் அது இல்லை, பல பத்தாண்டுகள் கழித்தே அச்சில் வந்தது. முன்னுரை அதை நடந்த நிகழ்ச்சியாகவே எழுதியிருந்தால் அந்தப் பதிப்பாசிரியரைச் சற்றுச் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது. உறுதியான சான்று வேறொன்று இருக்கிறது. மேரிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் கிரீன் என்ற சுதந்திரக் கறுப்பினப் போதகருக்கு 1857இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. குற்றம், இந்த நாவலை வீட்டில் வைத்திருந்தது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்கர்கள் இயல்பிலேயே சாதுவானவர்கள், பக்திமிக்கவர்கள் என்று ஸ்டோவ் இடையிடையே பொதுப்படையாகப் பேசுவது இன்று படிக்கும்போது உறுத்தும். விடுதலையான ஜார்ஜ் ஹாரிஸை (எலைசாவின் கணவன்) அமெரிக்காவில் வாழவிடாமல் லைபீரியாவுக்கு அனுப்பி முடிப்பதைக் கறுப்பினத் தலைவர்கள் அன்றே கண்டித்தார்கள். ஈவா நோயுறும் அத்தியாயங்கள் இழுவை. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் எழுதிய கட்டுரை, மிகையான கண்ணீர் நேர்மையின்மையின் அடையாளம் என்று இந்த நாவலைக் கடுமையாகச் சாடியது. அந்தக் கட்டுரையில் நியாயம் நிறையவே உண்டு. ஆனால் டாம் கூனிக் குறுகிய கிழவர் என்று பரவலாக இருக்கும் எண்ணத்தை ஸ்டோவ் தலையில் கட்ட முடியாது. நாவலின் டாம் அகன்ற மார்பும் உடல்வலுவும் உள்ளவர், கைக்குழந்தைக்குத் தகப்பன். சக அடிமைப் பெண்ணைச் சவுக்கால் அடிக்க மறுக்கிறார், தப்பிய இரண்டு பெண்கள் எங்கே என்று சொல்ல மறுத்தே உயிரை விடுகிறார். அவரைக் கிழவராக்கியது பிறகு வந்த மேடை நாடகங்கள். எலைசாவை வேட்டை நாய்கள் துரத்தும் காட்சியும் மேடைச் சரக்குதான்.

இனி பதிப்புகள். மாணவர்களுக்கும் ஆழ்ந்து படிப்பவர்களுக்கும் எலிசபெத் அம்மன்ஸ் தொகுத்த நார்ட்டன் கிரிட்டிகல் எடிஷன் சிறந்தது. 1852ஆம் ஆண்டு நூல் வடிவத்தின் பாடம், அடிக்குறிப்புகள், பால்ட்வின் உள்ளிட்டோரின் விமர்சனங்கள் எல்லாம் ஒரே கட்டில் கிடைக்கும். எழுத்து சற்றுச் சிறியது. ஹென்றி லூயிஸ் கேட்ஸும் ஹாலிஸ் ராபின்ஸும் 2007இல் கொண்டுவந்த குறிப்புரைப் பதிப்பு படங்களோடு அழகாக இருக்கும், ஆனால் பெரிது. படுத்துக்கொண்டு படிக்கத் தோதுப்படாது, நூலகத்துக்கு ஏற்றது. சும்மா ஒருமுறை படிக்க ஆன் டக்ளஸின் முன்னுரையோடு வந்த பெங்குவின் பதிப்பு போதும். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், கதை முழுதும் அதில் வெளிப்பட்டுவிடும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் புராஜெக்ட் கூட்டன்பர்க் இணையதளத்தில் முழுப் பாடமும் இலவசம், குறிப்புகள்தான் இருக்காது.

ஆங்கிலத்தில் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் உரையாடல்தான். உச்சரிப்புப்படியே எழுதப்பட்டிருப்பதால் கண்ணால் படித்தால் புரியாது. வாய்விட்டுப் படித்தால் இரண்டு மூன்று அத்தியாயங்களில் பழகிவிடும். லிப்ரிவாக்ஸ் இணையதளத்தின் இலவச ஒலிநூலும் கைகொடுக்கும்.

இதோடு நிறுத்திக்கொள்ளாமல், அடிமையாக இருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் வாங்குங்கள். தன் வாழ்க்கையைத் தானே எழுத விரும்பிய ஜேக்கப்ஸ் ஸ்டோவின் உதவியை நாடினார். ஸ்டோவோ அதைத் தன் அடுத்த நூலுக்குச் சான்றாகச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். மனம் புண்பட்ட ஜேக்கப்ஸ் முழுவதையும் தாமே எழுதி முடித்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்திலேயே 3 அடி கொண்ட பரணில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்ததை அவர் எழுதும்போது எங்கும் குரல் உயர்த்துவதில்லை. நாவலில் டாமின் கடைசிக் கட்டத்தைச் சொல்லும் 33 முதல் 40 வரையிலான அத்தியாயங்களை முடித்த கையோடு இதைத் தொடங்கினால், ஸ்டோவ் எங்கே சரியாகப் பிடித்தார், எங்கே வெளியாளாகவே நின்றுவிட்டார் என்பது தெளிவாகும்.