டொன்சில், அடினோயிட் ஒபரேஷனுக்கு "எல்லாம் சேர்த்து" என்று வாயால் சொன்னால் நம்பாதீங்க

48,500 ரூபா. மகனுக்கு ஒபரேஷன் முடிந்து டிக்கெட் வெட்டுகிற நேரத்தில், பேசிய காசுக்கு மேலே எங்களிடம் பிடுங்கியது இவ்வளவு. பெயரைப் போடவில்லை, மட்டக்களப்புப் பக்கம் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வெளியிலிருந்து ஈ.என்.ரி டொக்டர் வந்து பார்க்கிற இடம். போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மகனுக்கு ஆறு வயது. இரவில் வாயைத் திறந்தபடி குறட்டை, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவான். மூக்குக்குப் பின்னால் அடினோயிட் வளர்ந்து மூச்சை அடைக்கிறது, டொன்சிலும் பெரிது, இரண்டையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். அவரில் எனக்குக் குறை இல்லை. விலை பேசியது கவுண்டரில் இருந்த பெண். "டொன்சில், அடினோயிட், தியேட்டர், மயக்க மருந்து, ரூம், பிறகு ரெண்டு கிழமைக்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம், எல்லாம் சேர்த்து 185,000 தான் அக்கா" என்று சொல்லி, கிளினிக் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுத் தந்தா. "என்ட பிள்ளைக்கும் இங்கதான் செய்தது, பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்துச் சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? காப்பை அடகு வைத்துக் கட்டினோம். அட்மிட் பண்ணும்போது ஃபைலுக்குள் போட வேண்டும் என்று அந்தக் கார்டை வாங்கினார்கள். திரும்ப வரவே இல்லை.

பில் வந்தது 233,500. கேட்டால், "பெக்கேஜ் டொன்சிலுக்கு மட்டும், அடினோயிட் வேற ஒபரேஷன்." அடினோயிட்டுக்காகவே பிள்ளையைக் கொண்டுபோன எங்களிடம்! அதே மயக்கத்தில், அதே வாய் வழியாகத்தானே அதையும் எடுக்கிறார்கள். கார்ட் ஃபைலில் இல்லையாம், அந்தப் பெண் லீவாம். பிள்ளை தொண்டை நோவில் அழுகிறான், கட்டாமல் விடமாட்டார்கள், கணவர் தம்பியிடம் கைமாற்று வாங்கி அந்த 48,500ஐயும் கட்டினார்.

அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகும்போது, நடுச்சாமத்தில் பிள்ளை தூக்கத்திலேயே எதையோ திரும்பத் திரும்ப விழுங்குகிறான். லைட்டைப் போட்டால் தலையணையில் புது ரத்தம். அந்த "எந்த நேரமும்" நம்பருக்கு எடுத்தோம், நெடுநேரம் அடித்த பிறகு ஒருவர் எடுத்து "ஐஸ் வோட்டர் குடுங்க, டொக்டர் சனிக்கிழமைதான் வருவார்" என்று சொல்லி வைத்துவிட்டார். 1990க்கு அடித்து அம்புலன்ஸில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓடினோம். கடவுளே என்று ரத்தம் நின்றது, ஒரு சதம் வாங்கவில்லை. புண்ணின் மேல் படிகிற வெள்ளைப் படலம் 5 முதல் 10 நாளுக்குள் கழரும், அப்போது சில பிள்ளைகளுக்கு ரத்தம் வரும், வந்தால் காத்திருக்கக் கூடாது என்று அங்கேதான் எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டு லட்சத்துக்கு மேலே வாங்கினவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காசைக் கேட்டுப் போனால் கவுண்டர் கணக்குப் பகுதியைக் காட்டுகிறது, அங்கே "மெனேஜரைக் கேளுங்க", மெனேஜர் "அது டொக்டர்ர சார்ஜ், எங்களுக்குச் சம்பந்தமில்லை". வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. டொன்சில், அடினோயிட் இரண்டு பெயரும் போட்டு, சீலோடு விலை வாங்குங்கள். எதையும் கையில் கொடுக்க முதல் போட்டோ எடுங்கள். ஒபரேஷனுக்குப் பிறகு காது நோவும், தொண்டை வெள்ளையாகத் தெரியும், அது வழமை, ஆனால் புது ரத்தம் கண்டால் யாருக்கும் கோல் எடுத்து நேரத்தை வீணாக்காமல் 1990. அஸ்பிரின் கொடுக்காதீங்க.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து பார்க்க 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தின் கீழ் தனியார் ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்கிற பேரவைக்கும் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 நம்பருக்கும் பில்லோடு முறைப்பாடு கொடுக்கிறேன். உங்களிடமும் அடினோயிட் வேறு என்று இப்படிக் காசு வாங்கியிருந்தால் பில்லைப் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள், சேர்த்துக் கொடுப்போம்.