கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு: உப்புநீர் மீன்தொட்டியை இடம் மாற்றித் தந்த சேவை

நன்னீர் மீன்தொட்டியைக் கழுவி, இடம் மாற்றித் தருபவர்கள் டெல்டா ஊர்களில் பலர் இருக்கிறார்கள். உப்புநீர்த் தொட்டியை அதிலுள்ள உயிர்களோடு வேறு ஊருக்குக் கொண்டுசெல்ல ஒப்புக்கொள்பவர்கள் மிகக் குறைவு. நாங்கள் வீடு மாறியபோது என் தொட்டியைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு மாற்றித் தந்த கடை, அந்த வேலையைப் பொறுப்போடு செய்து தருகிறது என்பது என் முடிவு. தொலைபேசியில் முதன்முறை பேசியபோதே, தொட்டியின் அளவைக் கேட்பதற்கு முன்பாக, புது வீட்டில் உப்புநீரை முந்தைய நாளே கலந்து வைக்க இடமும் மின்சார வசதியும் இருக்குமா என்று கேட்டார்கள். அடுத்து, தொட்டியில் கடினப் பவளம் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதால், அவற்றைத் தாங்கள் தொடுவதில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். இதைச் சொல்லத் தயங்காத கடையை நம்பலாம் என்று அப்போதே தோன்றியது.

என்னுடையது நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி. ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். ஓர் இணைக் கோமாளி மீன்கள், ஒரு டாம்செல் மீன், ஒரு கிளீனர் இறால் ஆகியவை அதில் வாழ்கின்றன. பாறைகள் கடலிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. உலர்ந்த செயற்கைப் பாறையாக வாங்கி, தொட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் பாக்டீரியா படியவிட்டவை.

ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக இருந்தோம். அதே நாளில் தொட்டியும் வந்துவிட வேண்டும் என்று வீட்டில் அனைவரும் விரும்பினார்கள். கடைக்காரர் அதற்கு இணங்கவில்லை. நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் காற்றுப் பம்பும் அறையிலுள்ள காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் செலுத்துகின்றன. கணபதி ஹோமத்தின் புகையும் புதுப் பெயிண்டின் நெடியும் நிறைந்த வீட்டில் அவற்றை ஓடவிடக் கூடாது என்று விளக்கினார். சடங்குகள் முடிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து வீடு நன்றாகக் காற்றாடிய பிறகே தொட்டி வந்தது.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது தண்ணீரில் அவர்கள் காட்டிய கண்டிப்பு. புது வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரை நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரால் சோதித்தவுடனேயே அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஆர்.ஓ. நீரைத் தாங்களே கொண்டுவந்தார்கள். நிலத்தடி நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் தொட்டியில் பாசி மண்டிவிடும். பழைய குழாய்களிலிருந்து சிறிதளவு செம்பு கலந்தாலும் இறால் தாங்காது. உப்பைக் கலந்த பின் பவர்ஹெட் என்ற நீரோட்டப் பம்பைப் போட்டு இரவு முழுவதும் நீரைச் சுழலவிட்டு, மறுநாள் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 என்றும் வெப்பநிலை 26 டிகிரி என்றும் உறுதி செய்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினார்கள்.

வேளாங்கண்ணியிலோ தரங்கம்பாடியிலோ கேன்களில் கடல்நீர் பிடித்து வந்தால் உப்புச் செலவு மிஞ்சுமே என்று என் மைத்துனர் கேட்டார். நம் பக்கத்தில் பலரும் கேட்கும் கேள்விதான் இது. கடைக்காரர் சொன்ன பதிலை இங்கே எழுதியாக வேண்டும். கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வெட்டாறு என்று சிறிது தூரத்துக்கு ஓர் ஆறு கடலில் கலக்கும் கரை இது. மேட்டூர் அணை திறந்து ஆறுகளில் நீர் ஓடும் காலத்தில் வயல்களின் வடிநீரும் உரச்சத்தோடு அவற்றில் சேர்கிறது; ஐப்பசி, கார்த்திகை மழையின்போது கரையோரக் கடல்நீரின் உப்பளவே குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு தன்மையோடு வரும் நீரை நம்பி, வீடு மாறும் களைப்பில் இருக்கும் மீன்களை அதில் விடத் தாம் தயாராக இல்லை என்றார். மைத்துனர் அதன் பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கியது. வெயில் ஏறினால் கேனில் உள்ள நீர் விரைவில் சூடாகிவிடும். மீன்களுக்கு முந்தைய நாள் இரை போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பையில் கழிவு குறைந்தால் அம்மோனியாவும் குறையும். மேல்நீரைக் கலங்காமல் குழாய் வழியாகப் புதிய 20 லிட்டர் கேன்களில் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு பாறைகளை எடுத்து, அதே தொட்டி நீர் நிறைந்த டிரம்களில் மூழ்க வைத்தார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பது சொற்பமே. அவை பாறையிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. பாறை உலர்ந்துவிட்டாலோ காற்றில்லாத டிரம்மில் நெடுநேரம் அடைபட்டிருந்தாலோ அவை மடியும் என்பதால், ஒவ்வொரு டிரம்முக்கும் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பைப் பொருத்தினார்கள். பாறைகள் அனைத்தும் வெளியேறிய பின்பே மீன்களைப் பிடித்தார்கள். ஒளிய இடமில்லாத தொட்டியில் அவை துரத்தலின்றி விரைவாகப் பிடிபட்டன. ஒரு பைக்கு ஓர் உயிர் என்று ஆக்சிஜன் நிரப்பித் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கினார்கள்.

மணல் விஷயத்தில் அவர்கள் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. அப்படியே அள்ளிச் சென்று புது இடத்தில் கொட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடி மணலில் ஆண்டுகளாகத் தேங்கிய கழிவும், காற்றுப் புகாத கருத்த அடுக்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடும் ஒரே நேரத்தில் நீரில் கலந்தால் மீன்கள் பிழைப்பது அரிது. மணலை அவர்கள் கிளறியபோது எழுந்த அழுகிய முட்டை நாற்றமே அதற்குச் சான்று. மேற்பரப்பிலிருந்து சிறிதளவு மட்டும் விதைபோல எடுத்துக்கொண்டு, எஞ்சியதை விட்டுவிட்டுப் புது மணலைக் கழுவிப் போட்டார்கள்.

பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலித் தொட்டியைக் கனத்த தெர்மோகோல் பலகையின் மேல் நிறுத்திக் குட்டியானையில் கட்டினார்கள். அடியில் கொஞ்சம் நீரோ மணலோ இருந்தால்கூட வண்டி குலுங்கும்போது சிலிக்கான் ஒட்டு விட்டுவிடக்கூடும் என்பதால், ஈரம் தவிர வேறெதுவும் இல்லாமல் துடைத்திருந்தார்கள்.

புது வீட்டில் ரசமட்டம் வைத்து ஸ்டாண்டைச் சரிபார்க்கவே வெகுநேரம் செலவழித்தார்கள். நீர், பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும் பாரம் என்பதால் அந்தப் பொறுமை தேவையானதுதான். பாறையை அடுக்கி, பழைய நீரையும் புது நீரையும் பாதிக்குப் பாதி நிரப்பி, வெப்பமும் அடர்த்தியும் நிலைப்பட்ட பின் மீன்களை விட்டார்கள். அடைத்த பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.ஹெச். குறைந்திருக்கும், பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.ஹெச். உயர, பைக்குள் சேர்ந்திருக்கும் அம்மோனியா கொடிய வடிவத்துக்கு மாறும். ஆகவே திறந்த பையில் மீன்களை நெடுநேரம் வைக்கவில்லை. உப்பளவின் மாற்றத்தைத் தாங்காத இறாலை மட்டும் காற்றோட்டமுள்ள தனி வாளியில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்கினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலையின் நுணுக்கமெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். உடன் வந்த உதவியாளர்கள் அவர் சொல்வதைச் செய்பவர்கள். அவர் ஸ்டாண்டைச் சமன்செய்துகொண்டிருந்த நேரத்தில் சம்ப்பின் (தொட்டிக்குக் கீழே வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியின்) குழாய் இணைப்பை உதவியாளர் பொருத்தினார். இரவில் அது கசிந்தது. மறுநாள் காலையிலேயே வந்து கட்டணமின்றிச் சரிசெய்தார்கள் என்றாலும், புதிதாகப் பாலிஷ் போட்ட தரையில் உப்புநீர் நின்றதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மேலும், ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய்க்கு அவர்கள் கொடுத்த ரசீதில் வண்டி வாடகை எவ்வளவு, உப்பு எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற பிரிப்பு இல்லை. கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள்.

அம்மோனியா சோதனைக்கு அவர்கள் திரும்பி வந்தது கட்டணத்திலேயே அடக்கம். அந்தச் சோதனையில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்று காட்டியதால் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, இரையைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்குப் பின் அளவு ஏறவில்லை. எல்லா உயிர்களும் பிழைத்திருக்கின்றன. இறால் சட்டை உரித்து நலமாக இருக்கிறது.

இவர்களை அழைக்க நினைப்பவர்கள் செலவின் பிரிப்பை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் இணைப்புகளைத் தலைமை ஆளே செய்ய வேண்டும் என்றும், நீரை நிரப்பியபின் சம்ப்பை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பின்பே கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். தை, ஆவணி மாதங்களில் வீடு மாறுபவர்கள் அதிகம் என்பதால், முகூர்த்த நாள் குறித்தவுடனேயே இவர்களிடமும் நாள் வாங்கிவிடுவது நல்லது.